செட்டிநாட்டுப் புஞ்சையில் ஒட்டு இலந்தை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க் கரையிலும் புஞ்சை வரப்பிலும் நாட்டு இலந்தை தானாக முளைத்து நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. ஆடு கடித்தாலும் வெட்டிப் போட்டாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். ஒரு முழம் தோண்டினால் செம்புராங்கல் என்னும் கெட்டிச் செம்பாறை தட்டும் நிலத்தில் இப்படி நிற்கிற பழமரம் வேறு அதிகம் இல்லை. அந்த மரத்தின் வேரையும், நல்ல ரகத்தின் கிளையையும் ஒன்றாக்குவதுதான் ஒட்டு இலந்தைச் சாகுபடி.

இந்தப் பக்கம் ஒட்டு இலந்தை வைத்துத் தோற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். பழத்தின் அளவை மட்டும் பார்த்து ரகம் வாங்குவது ஒன்று. வைத்த பிறகு கவாத்து செய்யாமல், அதாவது ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிவிடாமல், மரத்தை அதன் போக்கில் விடுவது இன்னொன்று. ஆகவே இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எந்த ரகம்?

தமிழ்நாட்டுக்கு வெகுகாலமாகப் பரிந்துரையில் இருப்பவை கோலா, கைத்தாலி, பனாரசி, உம்ரான் ஆகியவை. பெயரிலேயே தெரிவதுபோல் இவை வடநாட்டு ரகங்கள். மழை குறைந்த மேட்டு நிலங்களில் பல ஆண்டுகள் நின்று தேறியவை.

கோலா முந்திப் பழுக்கும். பந்துபோல உருண்டை, பளபளக்கும் பொன்மஞ்சள் தோல், சாறும் இனிப்பும் கூடுதல். வறட்சியை நன்றாகத் தாங்கும். கிணறோ போர்வெல்லோ இல்லாமல் மழையை மட்டும் நம்பியிருக்கும் புஞ்சைக்கு முதலில் வைக்க வேண்டியது இதைத்தான். மழை விட்டுத் தை பிறந்ததும் நிலத்து ஈரம் வேகமாக வற்றுகிறது. அதற்குள் காய் முற்றிவிடுகிற ரகம்தான் மானாவாரிக்குப் பாதுகாப்பு. பழம் மெத்தென்று இருப்பதால் தொலைதூரம் அனுப்பத் தாங்காது. காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரைச் சந்தைக்குள் விற்க ஏற்றது.

கைத்தாலி நடுப்பருவம். நீள்வட்டக் காய், நுனி குறுகியிருக்கும். சதை மிருது, சுவை நன்று. பனாரசியும் நடுப்பருவந்தான், காய் சற்றே பெரிது, நுனி கூர். இரண்டும் கோலாவோடு கலந்து வைக்க நல்லவை.

உம்ரான் கடைசியில் பழுக்கும். காய் பெரிது, மகசூலும் அதிகம், தோல் தடிப்பு என்பதால் மூட்டை கட்டி லாரியில் ஏற்றலாம். வியாபாரி விரும்புவது இதைத்தான். ஆனால் சாம்பல் நோய்க்கும் பழ ஈக்கும் மற்றவற்றைவிட எளிதாக ஆளாகிறது. பின்பருவம் என்பதால் முந்திய ரகங்களில் பெருகிய ஈ முழுக்க இதன்மேல் வந்து இறங்கும். மாசி வரை காய்க்கு ஈரமும் வேண்டும். பாசன வசதியும் மருந்தடிக்க ஆளும் உள்ளவர் வைக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்கள் உம்ரானைத் தவிர்ப்பது நல்லது.

வடநாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட புதிய தேர்வுகளும் உண்டு. குஜராத்தின் கோத்ராவிலிருந்து வந்த கோமா கீர்த்தி உம்ரானிலிருந்து தேர்ந்தெடுத்தது, ஆனால் முன்பருவம். பிக்கானேரிலிருந்து தார் சேவிகா, தார் பூப்ராஜ் வந்துள்ளன. நம்பகமான இடத்தில் ஒட்டுக்குச்சி கிடைத்தால் இரண்டு மூன்று மரத்தில் கட்டிப் பார்க்கலாம். முதல் ஆண்டிலேயே ஏக்கர் முழுக்க வேண்டாம்.

அடுத்தது ஆப்பிள் இலந்தை. தாய்லாந்து வழி வந்த பச்சைக்காய் ரகம். சிவப்புப் பூத்த தோலோடு வருவதைக் காஷ்மீர் ஆப்பிள் இலந்தை என்று விற்கிறார்கள். சின்ன ஆப்பிள் அளவு காய், கடித்தால் நறுக்கென்று இருக்கும், வைத்த முதல் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் இனிப்பும் மணமும் கோலாவுக்குக் குறைவு. காய் அந்த அளவு பெருக்க வேண்டுமானால் சொட்டுநீர் விடாமல் போக வேண்டும். கிளை பாரம் தாங்காமல் முறியும், முட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிச்சயமாக உள்ள தோட்டத்துக்கு இது நல்ல பயிர். மானாவாரிப் புஞ்சைக்கு இதை எந்த நர்சரி பரிந்துரைத்தாலும் ஏற்க வேண்டாம்.

நாட்டு இலந்தை மரம் ஒன்றிரண்டை அப்படியே விட்டு வையுங்கள். இலந்தை வடைக்கு அதன் புளிப்பும் பிசுபிசுப்பும்தான் வேண்டும். உப்பு, மிளகாய், பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்துத் தட்டினால் ஒட்டு ரகப் பழம் அந்தச் சுவையைக் கொடுக்காது.

ஒரே ரகத்தை மட்டும் வைக்காதீர்கள்

இலந்தைப் பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் இருந்தாலும், பெரும்பாலான ஒட்டு ரகங்கள் தம் மகரந்தத்தில் தாமே சரியாகக் காய்ப்பதில்லை. சில ரகங்களின் பூ காலையில் விரியும், சிலவற்றுக்கு மத்தியானம். ஒரு பூவில் மகரந்தம் முந்தி வெளிவந்துவிடும், சூல்முடி பிறகுதான் தயாராகும். தேனீயும் ஈக்களும்தான் மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. ஆகவே குறைந்தது இரண்டு ரகம், முடிந்தால் மூன்று. நாலு வரிசைக்கு ஒரு வரிசை வேறு ரகமாக வைத்தால் போதும். வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், அதன் ஒரு கிளையில் வேறு ரகத்தின் கண்ணை (பட்டையோடு எடுத்த துளிர்மொட்டு) வைத்துக் கட்டிவிடலாம். பூக்கும் நாளில் பூச்சிக்கொல்லி தெளித்தால் காய்ப்பிடிப்பு அங்கேயே போய்விடும்.

நர்சரிக் கன்றா, நிலத்திலேயே ஒட்டா?

நர்சரிக் கன்று வாங்கினால் முதலில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மண்மட்டத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்குமேல் இருக்கும் இலை அகலமாக, பெரிதாக இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வந்த தளிரில் சின்ன இலையும், ஒன்று நேராகவும் ஒன்று கொக்கிபோலவும் ஜோடி ஜோடியாக முள்ளும் இருக்கும். அது நாட்டு வேர்ச்செடி. ஒட்டுக் கண் காய்ந்துபோய் வேர்ச்செடி மட்டும் தழைத்து நிற்கும் கன்றுகள் ஒட்டுக் கன்று என்றே விற்பனையாகின்றன. வைத்து மூன்று வருடம் கழித்துச் சுண்டைக்காய் அளவு பழத்தைப் பார்த்த பிறகுதான் ஏமாந்தது தெரியும். பையின் அடியில் வேர் துளைத்து வெளியே ஓடிய கன்றும், உள்ளே சுருண்டு கிடக்கும் கன்றும் வேண்டாம். இலந்தையின் உயிர் அதன் ஆணிவேரில் இருக்கிறது. அது சுருண்டால் செம்புராங்கல்லைத் துளைத்துக் கீழே போகாது.

மானாவாரிக்குச் சிறந்த வழி குழியிலேயே நாட்டு இலந்தை விதையை ஊன்றி, அடுத்த ஆண்டு அந்த இடத்திலேயே கண் ஒட்டுவதுதான். ஒரு வருடம் தாமதமாகும். ஆனால் ஆணிவேர் ஒருமுறைகூட அறுபடாமல் நேராக இறங்குவதால், மூன்றாம் கோடையில் நர்சரிக் கன்று வாடி நிற்கும்போது இது பச்சையாக நிற்கும்.

குழியும் இடைவெளியும்

இலந்தைக்கு 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 63 மரம் வரும். ஆண்டுதோறும் தவறாமல் கவாத்து செய்கிறவர் 6 மீட்டருக்கு 6 மீட்டர் வைத்து 112 மரம் வரை போகலாம். 12 அடிக்கு 12 அடி என்று நெருக்கி 300 கன்று விற்கப் பார்ப்பார்கள். மூன்றாம் ஆண்டில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, வெயில் உள்ளே இறங்காமல், சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். முள்ளுக்குள் ஆள் நுழைந்து பறிக்கவும் முடியாது.

குழி 1 மீட்டர் நீளம், அகலம், ஆழம். சரளை மண்ணில் இந்த அளவைக் குறைக்கக் கூடாது. ஜே.சி.பி. வைத்து எடுத்தால் குழியின் சுவர் வழுவழுப்பாக இறுகிவிடும். கடப்பாரையால் நாலு பக்கமும் கொத்திவிட வேண்டும். அடியில் செம்புராங்கல் தட்டினால் நடுவில் ஒரு முழம் ஆழத்துக்காவது உடைத்து வழி விடுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் குழி தொட்டிபோல் நீர் கட்டி வேர் அழுகும், கோடையில் அதே வேர் போக வழியில்லாமல் காயும்.

வைகாசியிலேயே குழி எடுத்து ஒரு மாதம் வெயில் காயவிடுங்கள். பிறகு மேல்மண், 20 கிலோ மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கிடைத்தால் இரண்டு மூன்று கூடை கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்), எல்லாவற்றையும் கலந்து நிரப்புங்கள். செட்டிநாட்டுச் சரளை மண் நீரைப் பிடித்து வைக்காது. கரம்பை அந்தக் குறையைப் போக்கும். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கண்மாயிலிருந்து எடுக்கலாம். மக்காத சாணம் போட்டால் கரையான் வரும், கன்று போகும்.

நடவுக்கு ஆவணி, புரட்டாசி. அப்போது மாலை நேர மழை இரண்டு மூன்று கிடைத்திருக்கும். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒட்டு மண்ணுக்குள் புதையக் கூடாது. நட்டதும் கம்பு ஊன்றிக் கட்டுங்கள். சரிவின் மேட்டுப் பக்கம் திறந்தும் பள்ளத்துப் பக்கம் மூடியும் அரைவட்டமாக வரப்புப் போட்டால், ஓடிப்போகும் மழைநீர் மரத்தடியில் நின்று இறங்கும். சுற்றிலும் வேலிக்கருவை முள் அடைப்பு கட்டாயம். ஆடு மற்றச் செடியை விட்டுவிட்டு இலந்தையைத் தேடி வந்து மேயும்.

விதையும் கண் ஒட்டும்

நன்கு பழுத்த நாட்டு இலந்தைப் பழத்தைச் சேகரித்துச் சதையைக் கழுவி நிழலில் காயவையுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 170 கிராம் கல்லுப்பைக் கரைத்துக் கொட்டைகளைப் போட்டால் சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். மூழ்கியதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கொட்டையை அப்படியே ஊன்றினால் முளைக்க மூன்று நாலு வாரம் ஆகும், ஒரே சீராகவும் வராது. சுத்தியால் மெல்லத் தட்டி ஓட்டை உடைத்து உள்பருப்பை முழுதாக எடுத்து ஊன்றினால் ஒரே வாரத்தில் முளைக்கும். பருப்பில் கீறல் விழுந்தால் அழுகிவிடும், கை நிதானம் வேண்டும். குழிக்கு மூன்று விதை, 2 செ.மீ. ஆழம். முளைத்தபின் வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் வைத்த செடியின் வேரும் ஆடும்.

தண்டு பென்சில் பருமன் வந்தால் ஒட்டலாம். ஆனி முதல் ஆவணி வரை சாறு ஓடும் காலம். கத்தியால் பட்டையில் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். பட்டை தோலுரிவதுபோல் வழுக்கி வந்தால் நேரம் சரி. ஒட்டிக்கொண்டு பிய்ந்தால் ஒரு தண்ணீர் கட்டி ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

தாய்மரம் நோயில்லாததாக, நல்ல மகசூல் தருவதாக இருக்க வேண்டும். அதில் நடப்பு ஆண்டு வளர்ந்து முற்றிய குச்சியை வெட்டி, இலைகளைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே ஒட்டிவிடுவது நல்லது. வேர்ச்செடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் முள்ளை நீக்கித் துடைத்து, 2.5 செ.மீ. உயரமும் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவுமாகச் செவ்வகப் பட்டையை உரித்தெடுங்கள். அதே அளவில் கண்ணோடு கூடிய பட்டையைத் தாய்க்குச்சியிலிருந்து உரித்து அங்கே பதியுங்கள். உள்பக்கம் விரல் படக் கூடாது. கண் மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தலைகீழாக வைத்த கண் பிடித்தாலும் ஒழுங்காக வளராது. பாலித்தீன் நாடாவால் கண்ணை மட்டும் விட்டு இறுக்கமாகச் சுற்றுங்கள்.

பதினைந்து இருபது நாளில் இலைக்காம்பைத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. சுருங்கிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டது. மறுபக்கம் இன்னொரு கண் வைக்கலாம். பிடித்ததில் கண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. விட்டு வேர்ச்செடியின் தலையை வெட்டுங்கள். கண் ஓர் அடி வளர்ந்ததும் நாடாவை அறுங்கள். மறந்தால் நாடா தண்டுக்குள் புதைந்து, காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியும். கீழிருந்து வரும் நாட்டுத் தளிரை வாரம் ஒருமுறை கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் ஒட்டை அமுக்கிவிட்டு அதுதான் மரமாகும்.

உங்கள் வரப்பில் ஏற்கெனவே நாட்டு இலந்தை மரம் நிற்கிறதென்றால் இன்னும் சுருக்கமான வழி இருக்கிறது. பங்குனியில் தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சாய்வாக அறுத்து, வெட்டு வாயில் போர்டோ பசை (செய்முறை கீழே கவாத்துப் பகுதியில்) பூசுங்கள். சித்திரை, வைகாசியில் கும்பலாகத் தளிர் வரும். வெவ்வேறு பக்கம் பார்த்த மூன்று நாலு வலுவான தளிரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். ஆனி, ஆடியில் ஒவ்வொன்றிலும் கண் கட்டுங்கள். ஒரு தளிரில் கோலா, இன்னொன்றில் கைத்தாலி என்று கட்டினால் மகரந்தக் குறையும் தீரும். பழைய வேரின் பலத்தால் அடுத்த ஆண்டே காய் பார்க்கலாம். இருபது வருடமாகச் செம்புராங்கல்லுக்குள் இறங்கிய வேரை எந்த நர்சரியும் பையில் போட்டுத் தர முடியாது.

கவாத்து

இலந்தை பூப்பது அந்த ஆண்டு புதிதாக ஓடிய கிளையின் இலைக் கக்கத்தில் மட்டும்தான். பழைய கிளையில் பூ வராது. கவாத்து செய்யாத மரத்தில் புதுக்கிளை நுனியில் மட்டும் குச்சிபோல் வரும். காய் சிறுக்கும், உயரத்துக்குப் போகும், உள்பக்கம் காய்ந்த முள்காடாகும். வருடாவருடம் காய் சின்னதாகிறது, ரகம் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் மரங்களில் பெரும்பாலும் ரகம் கெடவில்லை, கவாத்து விட்டுப்போயிருக்கிறது.

முதலில் மரத்தின் சட்டம். நட்ட முதல் ஆண்டு ஒரே தண்டாக, கம்பில் கட்டி நிமிர்த்தி வளருங்கள். தரையிலிருந்து ஓர் அடிக்குக் கீழே எதையும் விடாதீர்கள். இரண்டாம் ஆண்டு பங்குனியில் தண்டை 75 செ.மீ. உயரத்தில் வெட்டி, ஒன்றுக்கொன்று இடைவிட்டு நாலு திசைக்கு நாலு கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்திலிருந்து கவட்டையாகப் பிரியும் இரண்டு கிளையை வைக்காதீர்கள். காய்ப் பாரத்தில் அந்தக் கவட்டை பிளந்து பாதி மரம் கீழே விழும்.

காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக் கவாத்து. அறுவடை முடிந்து, இலை பழுத்து உதிரத் தொடங்கும் மாசி, பங்குனிதான் காலம். அப்போது மரம் உறக்கத்தில் இருக்கும். வைகாசி, ஆனி வரை தள்ளிப் போட்டால் புதுக்கிளையும் பூவும் அதற்கேற்பத் தள்ளிப்போய், பூ சரியாக ஐப்பசி அடைமழையில் மாட்டும். தேனீ பறக்காத நாளில் விரிந்த பூ காயாவதில்லை. பங்குனியில் வெட்டிய மரம் மழை வலுக்கும் முன்பே பிஞ்சு பிடித்துவிடும்.

எப்படி வெட்டுவது? போன ஆண்டு வளர்ந்த முதன்மைக் கிளைகளில் அடியிலிருந்து 15 முதல் 20 கண் வரை எண்ணிக்கொண்டு அதற்குமேல் வெட்டுங்கள். அதில் பக்கவாட்டில் கிளைத்த சிறு கிளைகளை முழுவதும் எடுத்துவிடுங்கள். உள்நோக்கி வளர்ந்தது, ஒன்றின்மேல் ஒன்று உரசுவது, தரையில் படுவது, காய்ந்தது, நோய் பிடித்தது எல்லாம் போக வேண்டும். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மரம் மொட்டையாக, பார்க்கவே மனசு கஷ்டப்படும்படி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தயங்கித் தயங்கி நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் பலனில்லை. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை, கிளைகள் வெகுதூரம் போய்விட்ட மரத்தைப் பழைய கட்டை வரை இன்னும் ஆழமாக வெட்டிப் புதுப்பிக்கலாம். ஆப்பிள் இலந்தைக்கு ஒவ்வோர் ஆண்டுமே தண்டில் ஒன்றரை, இரண்டு அடி விட்டு வெட்டுவது வழக்கம்.

வெட்டுக்கு ரம்பமும் கூரான கவாத்துக் கத்தரியும் வேண்டும். அரிவாளால் ஓங்கி வெட்டினால் கட்டை பிளந்து நீர் இறங்கும். கட்டை விரலைவிடத் தடித்த வெட்டு எல்லாவற்றிலும் போர்டோ பசை: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரும்புச் சட்டியில் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளிதான். வெட்டிய கிளையின் தழை ஆட்டுக்கு அருமையான தீவனம், முள் வேலிக்கு ஆகும்.

உரமும் நீரும்

கன்றாக இருக்கும் ஆண்டுகளில் மரத்துக்கு 20 கிலோ தொழு உரம், 200 கிராம் தழைச்சத்து, 100 கிராம் மணிச்சத்து, 200 கிராம் சாம்பல்சத்து. கடைக்கணக்கில் சுமார் 435 கிராம் யூரியா, 625 கிராம் சூப்பர் பாஸ்பேட், 335 கிராம் பொட்டாஷ். காய்க்கும் மரத்துக்கு 30 கிலோ தொழு உரம், அதே வரிசையில் சத்துகள் 500, 200, 500 கிராம். அதாவது 1.1 கிலோ யூரியா, 1.25 கிலோ சூப்பர், 830 கிராம் பொட்டாஷ். பாசனம் உள்ளவர் கவாத்து முடிந்ததும் போடலாம். மானாவாரியில் காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவினால் பாதி காற்றோடு போகும். தொழு உரத்தை மட்டும் கவாத்தோடு போட்டுவிட்டு, மற்றதை முதல் நல்ல மழை கிடைத்ததும், யூரியாவில் பாதியைப் பிஞ்சு பிடித்த பிறகும் கொடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல், கிளை நுனியின் நிழல் விழும் வட்டத்தில் அரை அடி ஆழப் பள்ளம் பறித்துப் போட்டு மூடுங்கள். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் மணிச்சத்து இரும்போடு பிணைந்து மரத்துக்குக் கிடைக்காமல் போகும். தொழு உரத்தோடு கலந்து போட்டால் இழப்பு குறையும். மண்ணை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆலோசனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் இரண்டு குடம் ஊற்றினால் போதும். பிறகு மரம் தானாகப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தால் கவாத்துக்குப் பிறகு கோடையில் ஊற்றுவதைவிட, கார்த்திகை மழை விட்டபின் காய் பெருக்கும் மார்கழி, தையில் இரண்டு மூன்று தண்ணீர் கொடுப்பதில்தான் பலன் அதிகம். அந்த நேரம் ஈரம் அற்றால் காய் கொட்டும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கூடினால் பழம் சப்பென்று ஆகும், வெடிக்கும். முதல் மூன்று ஆண்டு இடையில் நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு போடலாம்.

சாம்பல் நோயும் பழ ஈயும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த இடைவெளியில், காலையில் குளிரும் ஈரப்பதமும் சேரும்போது பூவிலும் பிஞ்சிலும் வெள்ளை மாவு தூவியதுபோல் படியும். அதுதான் சாம்பல் நோய். பிஞ்சு பழுப்பேறி, தோல் தக்கைபோல் சொரசொரத்து, கோணலாகி உதிரும். காயெல்லாம் வெள்ளையான பிறகு தெளிப்பதில் பயனில்லை. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், பூ தொடங்கும் முன் ஒருமுறை, பிஞ்சு பட்டாணி அளவில் ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை. உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும், மாலையில் தெளியுங்கள். பழைய கையேடுகளில் சொல்லியிருக்கும் டினோகேப் 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. யாரிடமாவது பழைய இருப்பு கிடைத்தாலும் வேண்டாம்.

பழ ஈ காயின் தோலைத் துளைத்து முட்டை வைக்கிறது. துளைத்த இடம் குழிந்து கோணலாகும். புழு கொட்டையைச் சுற்றித் தின்று அந்த இடத்தைக் கருப்பாக்கிவிட்டு, பழத்தோடு கீழே விழுந்து, மரத்தடி மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. மாமரத்துக்குக் கட்டும் மெத்தில் யூஜினால் பொறியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இலந்தைக்கே உரிய பழ ஈ அந்த வாசனைக்கு வருவதில்லை. பொறியில் விழுவது மா, கொய்யாவைத் தாக்கும் வேறு ஈக்கள். உண்மையான கட்டுப்பாடு தரையில் இருக்கிறது. உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் அங்கிருந்தே பெருகும். கோடையில் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் சாகும். நாட்டுக்கோழியை உள்ளே விட்டால் மிச்சத்தைக் கிளறித் தின்னும். வடைக்கென்று விட்டுவைத்த நாட்டு மரத்தடியிலும் இதே சுத்தம் வேண்டும். அங்கே ஒரு மாதம் பொறுக்காமல் விட்டால் போதும், ஒட்டு மரத்துக்கான ஈ அங்கிருந்து வரும். பழத்தை மரத்திலேயே அளவுக்கு மீறிக் கனியவிடாமல் நேரத்துக்குப் பறிப்பதும் ஈக்கு இடம் கொடுக்காத வழிதான்.

பிஞ்சு வளராமல் மிளகு உருண்டையாக நின்று உதிர்ந்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே பருப்பைத் தின்ற சிறு புழு இருந்தால் அது கொட்டை வண்டு. இதற்கும் பொறுக்கிப் புதைப்பதே முதல் வேலை. தண்டில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையாகத் தொங்கினால் பட்டைப்புழு. சுத்தம் செய்து துளையில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடையுங்கள்.

பறிப்பு

பச்சையிலிருந்து பொன்மஞ்சளுக்கு மாறும்போது பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்து வைத்தால் நிறம் கொஞ்சம் மாறும், இனிப்பு ஏறாது. உம்ரான் முழுக்கப் பழுப்பாகும்வரை விட்டால் இனிப்பு கூடும், ஆனால் மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். ஒரே மரத்தில் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது, நாலைந்து தடவை பறிக்க வேண்டும். உலுக்கிக் கொட்டினால் அடிபட்ட பழம் மூட்டையையே கெடுக்கும். தோல் கையுறை போட்டுக் கையால் பறித்து, காலை வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குக் கொண்டுவந்து, வைக்கோல் பரப்பிய கூடையில் பெரிது சிறிது என்று தரம் பிரித்து அடுக்குங்கள். சாதாரணச் சூட்டில் நாலு நாள் முதல் ஒரு வாரம் வரை இருக்கும். நன்கு பராமரித்த வளர்ந்த மரம் ஆண்டுக்கு 80 முதல் 100 கிலோ வரை தரும்.

கிளியும் மயிலும் நிறம் ஏறத் தொடங்கும்போதே வந்துவிடும். கவாத்து செய்து உயரத்தைக் குறைத்த மரத்தின்மேல் வலை போடுவது எளிது.